நான்கு வெட்ஜும் ஒரு கொப்பியும்

1. எட்டரை யார்ட்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிவபாலன் என் பேச்சைத் திருத்தினார். கடை வாசலில் இருந்து என் பெஞ்ச் வரைக்கும் பத்து யார்ட் இருக்கும் என்று யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், அங்கிருந்து ஒரே சீராகக் கால் வைத்து நடந்து வந்தார்.

"எட்டரை, அண்ணை" என்றார்.

டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். எட்டரைதான். வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் என்னைத் திருத்துகிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது எரிச்சல் போய்விட்டது. நல்ல மனிதர்.

கடை கொழும்பு கொம்பனித்தெருவில் இருந்தது. முன்பக்கம் விளையாட்டுச் சாமான் விற்பனை. பின்பக்கம் கோல்ஃப் மட்டை, அதாவது கிளப், திருத்தும் இடம். அந்தப் பின்பக்கத்தில் இருபத்தேழு வருடம் நின்றவன் நான். வீடு கொட்டாஞ்சேனை. சிவபாலன் யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் அளவுச் சங்கிலி பிடித்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து, மனைவி சாந்தியோடும் ஆறு வயது மகளோடும் வெள்ளவத்தையில் ஒற்றை அறை எடுத்து இருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு ஐம்பது, அவருக்கு நாற்பது. நான் கொழும்பில் பிறந்தவன் என்பதால் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவருக்கு பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவுக்குத்தான் வரும்.

2. முத்திரையை நம்பாதே

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் வெட்ஜைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பந்து கொடிக்குக் கிட்ட வந்தபிறகு, நூறு யார்டும் அதற்கு உள்ளேயும் அடிக்கிற கிளப் வெட்ஜ். கிளப்பின் முகம் எவ்வளவு மல்லாந்து வானத்தைப் பார்க்கிறதோ அதுதான் லொஃப்ட். லொஃப்ட் கூடினால் பந்து உயரப் போகும், தூரம் குறையும். கிளப்பில் ஒரு எண் முத்திரை குத்தியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். ஐம்பத்தாறு என்று குத்தியதை அளந்தால் ஐம்பத்துநான்கு இருக்கும். நான் கண்ட எத்தனையோ கிளப்பில் முத்திரையும் மெய்யும் ஒன்றாக இருந்தது பாதிகூட இல்லை.

அதைவிட நம்பக்கூடாதது விளையாடுகிறவரின் வாய். எந்த மனிதனைக் கேட்டாலும் தன் வாழ்நாளில் காற்று பின்னால் இருந்து தள்ளி ஒரே ஒரு தடவை போன தூரத்தைத்தான் சொல்வான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வாய் யார்ட்.

மிஸ்டர் தர்மராஜா எங்கள் பழைய வாடிக்கையாளர். ஒரு இறக்குமதிக் கம்பனியின் டிரெக்டர். எங்கள் ஆள்தான், ஆனால் வீட்டில் இங்கிலீஷ். என்னோடு தமிழும் இங்கிலீஷும் கலந்து கதைப்பார். பெருமை இல்லாதவர். திருத்த வருகிற கிளப்பில் எல்லாம் நான் தமிழில் ஒரு துண்டு எழுதிக் கட்டுவேன். ஒருநாள் தன் கிளப்பில் கட்டியிருந்த துண்டைக் கையில் எடுத்து அவரே சத்தமாக வாசித்தார்.

"தர்மராஜா. சாண்ட் வெட்ஜ். மண்ணைக் கொத்துது." என்னைப் பார்த்துச் சிரித்தார். "கொத்துறது கிளப்போ, அந்தோனி, நானோ?"

"அளந்து பாத்துத்தான் சொல்லலாம், சேர்" என்றேன். கடை முழுக்கச் சிரித்தது.

அளந்தேன். முத்திரை ஐம்பத்தாறு, மெய் ஐம்பத்துநான்கு. லொஃப்ட் இரண்டு டிகிரி குறைந்தால், அடிப்பாகம் மண்ணில் புதையாமல் தாங்குகிற பவுன்ஸும் இரண்டு குறையும். மழை பெய்து ஊறிய எங்கள் புல்தரையில் அது மண்வெட்டி வேலைதான் செய்யும். கொத்தினது கிளப் என்று சொன்னதும் அவருக்குப் பரம சந்தோஷம். பத்து நாளில் கம்பனிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற போட்டி ஒன்று வருகிறது, வெட்ஜ் முழுவதையும் ஒழுங்குபடுத்தித் தா என்று பையோடு விட்டுவிட்டுப் போனார்.

நானும் சிவபாலனும் அவரைக் கூட்டிக்கொண்டு அவருடைய கழகத்துப் பயிற்சி மைதானத்துக்குப் போனோம். ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து. மிகத் தூரம் போன இரண்டையும் மிகக் கிட்ட விழுந்த இரண்டையும் தள்ளிவிட்டு, மிச்சம் ஆறின் சராசரி. உருண்டு நின்ற இடம் கணக்கில்லை, விழுந்த இடம்தான் கணக்கு. சிவபாலன் வெயிலில் நடு மைதானத்தில் நின்று விழுந்த தடத்தைப் பார்த்து, நடந்து நடந்து அளந்தார். நாற்பத்தாறு டிகிரி பிட்ச்சிங் வெட்ஜுக்குத் தர்மராஜா சொன்ன வாய் யார்ட் நூற்றிருபது. உண்மை நூற்றுநான்கு. சாண்ட் வெட்ஜைச் சரியான ஐம்பத்தாறுக்கு மல்லாத்தின பிறகு எழுபத்தெட்டு. நடுவில் இருபத்தாறு யார்ட் ஓட்டை. மனிதர் இத்தனை வருடமாகத் தொண்ணூறில் இருந்து ஒழுங்காக ஒரு அடி அடிக்காததற்குக் காரணம் அந்த ஓட்டைதான்.

ஓட்டையை அடைக்க ஐம்பது டிகிரி கேப் வெட்ஜ் ஒன்று எடுத்தோம். தொண்ணூற்றைந்து போனது. மேலே ஒன்பது யார்ட், கீழே பதினேழு. வைஸில் பிடித்து இன்னும் இரண்டு டிகிரி மல்லாத்தினேன். தொண்ணூறு. அறுபது டிகிரி லொப் வெட்ஜ் அறுபத்தைந்து. ஆக 104, 90, 78, 65. டிகிரிக் கணக்கில் இடைவெளி ஆறு, நான்கு, நான்கு. பார்க்க அழகில்லை. யார்ட் கணக்கில் பதினான்கு, பன்னிரண்டு, பதின்மூன்று. பந்துக்கு டிகிரி தெரியாது, தூரம்தான் தெரியும். புத்தகத்தில் நான்கு நான்காக வை என்று போட்டிருந்தாலும் ஆளைப் பார்த்து வளையுங்கள்.

என் வேலை வாழ்க்கையில் நான் செய்த மிகச் சிறந்த நான்கு வெட்ஜும் அவைதான். அதை நினைத்துப் பெருமைப்பட இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

3. கொப்பி

எண்பது பக்க சி.ஆர். கொப்பி ஒன்று. முதல் ஆறு பக்கமும் என் எழுத்து. கிளப்பின் முத்திரை, மெய், வளைத்தது எவ்வளவு, பவுன்ஸ் எவ்வளவு என்று. எல்லாம் தமிழில். நான் படித்தது தமிழில், பெஞ்சில் நிற்கும்போது நினைக்கிறதும் தமிழில். ஏழாம் பக்கத்தில் இருந்து சிவபாலனின் எழுத்து. மணி மணியாக இருக்கும். அடித்த இடம், விழுந்த இடம், தூரம் என்று மூன்று நிரல் போட்டு எழுதியிருந்தார்.

அதோடு நின்றிருக்கலாம். நில அளவைக்காரன் கை சும்மா இருக்குமா? கடைசிப் பக்கங்களில் மைதானத்தின் படத்தையே கீறிவிட்டார். எங்கே நின்றால் கொடிக்கு எத்தனை யார்ட், எந்த வெட்ஜ் எடுக்க வேண்டும் என்பதற்கு அடையாளங்கள். தண்ணீர் ஓடுகிற கான் 65. மாரா மரம் 78. தண்ணீர்த் தாங்கி 104. மைதானத்து மதிலை ஒட்டி ஆமிக்காரர்களின் காவல் கூடு ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு புள்ளி வைத்து 90 என்று போட்டிருந்தார்.

"இது ஏன்?" என்று கேட்டேன்.

"அளக்கேக்க அசையாத சாமானைத்தான் பிடிக்கவேணும் அண்ணை. மரம் விழலாம். காவல் கூடு இப்போதைக்கு விழாது."

நான் சிரித்தேன். நல்லாயிருக்கு என்று சொன்னேன். பிறந்ததில் இருந்து கொழும்பில் சீவிக்கிறவன், எது ஆகாது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். எனக்கு அந்தப் படத்தில் வெட்ஜ் மட்டும்தான் தெரிந்தது.

தர்மராஜா பையில் வைத்துக்கொள்ள, தூரங்களை இங்கிலீஷில் ஒரு சின்னக் காட் அட்டையில் எழுதித் தரச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை போட்டி. செவ்வாய்க்கிழமை பின்னேரம் சிவபாலனிடம், "கொப்பியை வீட்டை கொண்டுபோய் வடிவா எழுதிக்கொண்டு வாங்கோ" என்றேன். அவர் ஷேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அந்த வருடங்களில் காலி வீதியில் போகிற தமிழனுக்கு அந்தப் பழமொழி உதவவில்லை.

4. பொலிஸ் நிலையம்

புதன் காலை கடை திறந்தபோது சாந்தி வாசலில் நின்றா. முதல் நாள் பின்னேரம் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, சிவபாலனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், ஷேர்ட்டுக்குள் கொப்பி, கொப்பியில் காவல் கூட்டோடு படம், தமிழில் 'விழுந்த இடம்'. என்ன விழுந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு வந்த சிங்களத்தில் பந்து என்று சொல்லியிருக்கிறார். யார் நம்புவான்?

எங்கள் முதலாளி கடிதம் ஒன்று தந்தார், இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று இரண்டே வரி. கொப்பியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "அந்தோனி, என்னால செய்யக்கூடியது இவ்வளவுதான். கடைக்குப் பொலிஸ் வரிசையா வந்தா நாங்க எல்லாரும் வீட்ட போகவேண்டியதுதான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடிதத்தோடு நான் போனேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன முகம். கொப்பியை மேசையில் விரித்து, "மே மொனவத?" என்றார், இது என்ன என்று. நான் சிங்களத்தில் அரை மணித்தியாலம் விளக்கினேன். லொஃப்ட், யார்ட், போட்டி எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார், "எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். இந்தத் தூரமெல்லாம் யாருடையதோ அந்த மாத்தயா வந்து, ஓம் இது என்னுடைய கணக்கு என்று சொல்லட்டும். எழுதி எடுத்துக்கொண்டு ஆளை விடுகிறேன்."

அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு பெரிய மனிதரின் ஒரு வசனம்.

தர்மராஜாவிடம் ஓடினேன். மறுநாள் காலை அவர் வந்தார், அதை நான் மறைக்கக்கூடாது. காரில் என்னையும் ஏற்றிக்கொண்டுதான் வந்தார். சிவபாலனையும் கூட்டிவந்து சுவரோரம் வாங்கில் இருத்தியிருந்தார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் தர்மராஜாவிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். படத்துக்கு வந்ததும் கை நின்றது. கூட்டின் புள்ளியைப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்:

"நான் இவர்களிடம் என் கிளப்பைத் திருத்தக் கொடுத்தேன். அது உண்மை. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. 'மண்ணைக் கொத்துது' என்று எழுத்துக்கூட்டாமல் வாசித்த மனிதர்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இந்த எழுத்து யாருடையது?"

நான் சிவபாலனைக் காட்டினேன்.

"ஒக்கொம எயாகேத?" எல்லாம் அவருடையதா?

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகன் இருந்தான், அதனால் பயந்தேன் என்று எழுதலாம். அவன் இருந்தது உண்மை. ஆனால் அந்த நிமிடம் அவன் என் நினைவில் இல்லை. சிவபாலனின் வீங்கின கன்னம்தான் கண்ணில் நின்றது. அடுத்த கன்னம் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

"ஔ சேர். ஒக்கொம" என்றேன். ஓம் சேர், எல்லாம்.

அந்தளவு சிங்களம் சிவபாலனுக்கு விளங்கும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

5. காட்

வெள்ளிக்கிழமை தர்மராஜா கிளப்பை எடுக்க வந்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள், அந்தோனி. உங்களுக்கு விளங்கும்தானே."

"விளங்குது, சேர்" என்றேன். விளங்கியதுதான் என் கேடு. கோபப்பட எனக்கு ஏதாவது யோக்கியதை இருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், திரும்பி வந்தார். "அந்தக் காட்?"

கொப்பி பொலிஸில் இருந்தது. எண்கள் என் தலையில் இருந்தன. ஒரு வெள்ளை அட்டையை எடுத்து இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தேன். 46, 104. 52, 90. 56, 78. 60, 65. அவர் அதை ஷேர்ட் பொக்கெட்டில் வைத்தார். யாரும் அவரை மறிக்கவில்லை.

போட்டியில் அவர் வெல்லவில்லை. ஆனால் தொண்ணூறில் இருந்து அடித்த பந்தெல்லாம் கொடிக்குப் பக்கத்தில் விழுந்ததாம். திங்கட்கிழமை டெலிபோன் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு கடைக்கு வரவே இல்லை.

6. ஆறு பக்கம்

சிவபாலன் பதினான்கு மாதம் உள்ளே இருந்தார். வழக்குப் போடவில்லை. ஒருநாள் போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. சாந்திக்கு அரிசியும் பால்மாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைக்கூட அறை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வெளியில் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து வெள்ளவத்தைக்குப் போனேன். கட்டில் விளிம்பில் இருந்தார். மெலிந்திருந்தார். வலது கால் சரியாக ஊன்ற வரவில்லை. எழும்ப வெளிக்கிட்டவரை நான் இருத்தினேன். பிள்ளை எந்த வகுப்பு, கடையில் யார் இருக்கிறார்கள் என்று கதைத்தோம். கொப்பியைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

"இனி இந்தக் காலோட மைதானத்தில நடக்கேலாது, அண்ணை" என்றார். "வேற ஆளைப் பாருங்கோ."

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். சாந்தி மாடிப்படி வரைக்கும் கூட வந்தா.

"அண்ணை, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும், தங்கச்சி."

"அந்தக் கொப்பியில முதல் ஆறு பக்கமும் வேற கையெழுத்தாம். தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கொண்டு பாத்துக் கண்டுபிடிச்சிட்டினம். அதுதான் பிரச்சினையாப் போச்சுது. இதில இன்னொராள் இருக்கிறான், ஆளின்ரை பேரைச் சொல்லு, விடுறம் எண்டு ஒவ்வொரு முறையும் கேட்டவையாம். இவர் எல்லாம் தன்ரை எழுத்துத்தான் எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு நானும் கேட்டுப் பாத்திட்டன். வாய் திறக்கிறார் இல்லை." மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டா. "உங்களுக்குத் தெரியுமோ, அது ஆற்றை எழுத்தெண்டு?"

கடைக்கு வந்து நான் எழுதி வைத்த எந்தத் துண்டையும் சாந்தி கண்டதில்லை. ஆனால் அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டா.

"தெரியாது, தங்கச்சி" என்றேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவ உள்ளே போனா.

என் ஒரு பொய் என்ன செய்தது என்று படி இறங்கும்போதுதான் முழுதாக விளங்கியது. முதல் ஆறு பக்கமும் என்னுடையது, இருபது வருடமாக இந்தக் கடையில் நான் இப்படித்தான் எழுதுகிறேன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது ஒரு கடையின் வேலைக் கொப்பி. என்னையும் இரண்டு நாள் வைத்திருப்பார்கள், நாலு அடி விழுந்திருக்கும், பிறகு இரண்டு பேரையும் விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். விடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் எழுதினவன் இல்லாத ஆறு பக்கம் அந்தக் கொப்பியைச் சதித்திட்டம் ஆக்கிவிட்டது. தர்மராஜாவின் பொய் சிவபாலனை உள்ளே வைத்தது. என் பொய் அவரைப் பதினான்கு மாதம் வைத்திருந்தது. அவருக்கு அது தெரிந்திருந்தும் என் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கலாம். விசாரித்துத் தெரிந்துவிட்டால் கடிதம் எழுத வேண்டி வருமே என்று விசாரிக்காமல் இருந்துவிட்டேன். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் மூன்று. முத்திரையை நம்பாமல் அளந்து பாருங்கள். டிகிரியை விட்டுவிட்டு யார்டைச் சமமாகப் பிரியுங்கள். இவை இரண்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். மூன்றாவது, நீங்கள் எழுதுகிற கொப்பியில் உங்கள் பெயரை எழுதி வையுங்கள், யாராவது கேட்டால் நான்தான் எழுதினேன் என்று சொல்லுங்கள். கேட்கிற நேரத்தில் சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

அந்த முதல் ஆறு பக்கமும் நான் எழுதியவை.